பொது அளவு – 14: நீலக் காரும் 16,000 சொற்களும்

சென்ற வாரம் பால்டிமோர் நகரத்துத் தீயோடு நிறுத்தியிருந்தோம். 1904 பிப்ரவரி 7, ஞாயிற்றுக்கிழமை. வாஷிங்டனிலிருந்தும் பிலடெல்பியாவிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் தீயணைப்பு வண்டிகள் வந்து சேர்ந்தன. வண்டி இருந்தது, ஆள் இருந்தது, தெருக்குழாயில் தண்ணீரும் இருந்தது. ஆனால் வெளியூர் ஹோஸின் மரை உள்ளூர்க் குழாயின் மரையில் ஏறவில்லை. 1,500-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்து தீர்ந்தன. பிறகு தேசியத் தர நிர்ணயப் பணியகம் நாடெங்கும் தேடி 600-க்கும் அதிகமான ஹோஸ் இணைப்பு வகைகளைச் சேகரித்தது. 1905-இல் ஒரு பொது மரை வகுக்கப்பட்டது.

இந்த வாரமும் பால்டிமோருக்கே போகிறோம். ஆண்டு மட்டும் 2002.

அக்டோபர் 8. ஒரு வாகன நிறுத்துமிடத்தில் பழைய நீல நிற செவர்லே கேப்ரிஸ் கார் நிற்கிறது. உள்ளே ஒருவர் தூங்கிக்கொண்டிருக்கிறார். ரோந்து வந்த போலீஸ்காரர் எழுப்பி ஓட்டுநர் உரிமத்தைக் கேட்கிறார். உரிமம் வாஷிங்டன் மாநிலத்தில் வாங்கியது. வண்டியின் எண் பலகை நியூஜெர்சியுடையது. எண்ணைக் கணினியில் போட்டுப் பார்க்கிறார். திருட்டு வண்டி இல்லை, ஆள் மீது வாரண்ட் இல்லை. கிளம்பச் சொல்லிவிடுகிறார்.

அந்த ஆள் ஜான் ஆலன் முகம்மது. அவரோடு சுற்றிக்கொண்டிருந்தவன் 17 வயது லீ பாய்ட் மால்வோ. அக்டோபர் 2 தொடங்கி வாஷிங்டனைச் சுற்றியுள்ள ஊர்களில் மறைந்திருந்து துப்பாக்கியால் சுட்டுக்கொண்டிருந்தவர்கள் இவர்கள்தான். புல் வெட்டிக்கொண்டிருந்தவர், டாக்ஸிக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்த புனேக்காரர், பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண் என்று அக்டோபர் 3 இரவுக்குள் ஆறு பேர் செத்து விழுந்திருந்தார்கள். போலீஸோ ஒரு வெள்ளை வேனைத் தேடிக்கொண்டிருந்தது.

பால்டிமோரில் கார் கிளம்பிப் போன பிறகு மேலும் நான்கு பேர் கொல்லப்பட்டார்கள்.

வழக்கு முடிந்த பிறகு தெரியவந்தவை இன்னும் கனமானவை. அந்த மூன்று வாரங்களில் நீலக் காரின் எண்ணைப் பல ஊர்ப் போலீஸார் பத்து முறையாவது கணினியில் போட்டுப் பார்த்திருந்தார்கள். ஒவ்வொரு முறையும் இந்த வண்டி தேடப்படுகிறதா என்ற கேள்விக்கு இல்லை என்று சரியான பதிலே வந்தது. இதே வண்டியைப் பற்றி எத்தனை ஊர்க்காரர்கள் கேட்டிருக்கிறார்கள் என்பதைக் கூட்டிப் பார்க்கத்தான் யாரும் இல்லை.

கைரேகையும் இருந்தது. செப்டம்பர் 21 அன்று அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரியில் ஒரு மதுக்கடைக்கு வெளியே இரண்டு பெண்கள் சுடப்பட்டார்கள். ஒருவர் இறந்தார். தப்பி ஓடிய மால்வோ கீழே போட்டுவிட்டுப் போன துப்பாக்கி விற்பனைப் புத்தகத்தில் அவன் விரல் பதிந்திருந்தது. அதே விரலின் ரேகை 2001 டிசம்பரில் குடியேற்றத் துறை அவனைப் பிடித்தபோது எடுக்கப்பட்டு மத்திய அரசிடம் ஏற்கெனவே இருந்தது. அலபாமாவின் கைரேகைக் கணினி எஃப்.பி.ஐ.யின் கைரேகைக் கணினியோடு இணைக்கப்படவில்லை. ஒரே விரலின் இரண்டு ரேகைகள் இரண்டு அலமாரிகளில் ஒரு மாதம் பிரிந்து கிடந்தன.

கடைசியில் கொலையாளிகளே போனில் மான்ட்கோமரி பற்றிப் பெருமை பேசினார்கள். அதன் பிறகுதான் அந்த ரேகை விமானத்தில் வாஷிங்டனுக்கு வந்தது. ஒரே நாளில் மால்வோவின் பெயர் கிடைத்தது. அதிலிருந்து முகம்மது, அவரிடமிருந்து கார், காரிலிருந்து எண். எண்ணை வானொலியும் தொலைக்காட்சியும் அறிவித்த சில மணி நேரத்தில், அக்டோபர் 24 விடியுமுன், மேரிலாந்தின் நெடுஞ்சாலை ஓய்விடம் ஒன்றில் இருவரும் பிடிபட்டார்கள். அப்போதும் அதே காரில் தூங்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.

இந்தக் கதையில் யாரும் எதையும் ஒளிக்கவில்லை. அவரவர் வேலையை அவரவர் செய்தார்கள். ஹோஸ் இருந்தது, குழாய் இருந்தது, மரைதான் ஏறவில்லை.

முந்தைய ஆண்டின் பாடம்

இதற்கு ஓராண்டு முன்பே அமெரிக்கா இதே பாடத்தை மிகப் பெரிய விலை கொடுத்துப் படித்திருந்தது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் விமானம் கடத்தியவர்களில் ஒருவர் நவாஃப் அல்-ஹஸ்மி. அவர் 2000 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் வந்து இறங்கியதை அதே ஆண்டு மார்ச்சிலேயே சி.ஐ.ஏ. அறிந்திருந்தது. 2001 ஏப்ரல் 1 அன்று ஓக்லஹோமாவில் வேகமாக வண்டி ஓட்டியதற்காக ஒரு போலீஸ்காரர் அவரை நிறுத்தினார். கணினியில் பார்த்தார், ஒன்றும் இல்லை. அபராதச் சீட்டு கொடுத்து அனுப்பினார். கண்காணிப்புப் பட்டியலில் ஹஸ்மியின் பெயர் ஏறியது ஆகஸ்ட் கடைசியில். அப்போது தாக்குதலுக்கு மூன்று வாரம்கூட இல்லை.

2004 ஜூலையில் வெளியான விசாரணை ஆணைய அறிக்கை இதை நேராகச் சொன்னது. தெரிய வேண்டியவருக்கு மட்டும் சொல் என்ற பழக்கத்தில் ஊறிய அமைப்புகள், பகிர்வது தம் கடமை என்ற பழக்கத்துக்கு மாற வேண்டும் என்றது. அதே ஆண்டு டிசம்பர் 17 அன்று கையெழுத்தான உளவுச் சீர்திருத்தச் சட்டம், தகவல் பகிர்வுச் சூழல் ஒன்றை உருவாக்க உத்தரவிட்டது.

உத்தரவு போட்டாயிற்று. ஆனால் அமெரிக்காவில் காவல் அமைப்புகள் மட்டும் ஏறத்தாழ 18,000. நகரப் போலீஸ், கவுன்ட்டி ஷெரீஃப், மாநிலப் போலீஸ், பல்கலைக்கழகப் போலீஸ் என்று தனித்தனி. ஒவ்வொன்றும் தன் பணத்தில் தனக்குப் பிடித்த நிறுவனத்திடம் மென்பொருள் வாங்கியிருந்தது. நீதிமன்றம் வேறு, சிறை வேறு, அரசு வழக்கறிஞர் அலுவலகம் வேறு. இரண்டு கணினிகள் பேச வேண்டுமென்றால் இடையில் ஒரு மொழிபெயர்ப்பு நிரலைக் காசு கொடுத்து எழுத வேண்டும். பத்து அமைப்புகள் ஒன்றோடொன்று பேச 45 நிரல்கள் தேவை. பொதுமொழி ஒன்று இருந்தால் ஆளுக்கு ஒன்றாகப் பத்து போதும். கணக்கு எளிதுதான். பொதுமொழியை யார் எழுதுவது?

சொற்களை எண்ணியவர்கள்

நல்லவேளையாக, அந்த வேலை முன்பே தொடங்கியிருந்தது. அமெரிக்க நீதித் துறை அமைச்சருக்கு ஆலோசனை சொல்ல 'குளோபல்' என்ற குழு இருந்தது. போலீஸ், ஷெரீஃப், நீதிபதிகள், அரசு வழக்கறிஞர்கள், சிறைத் துறையினர் என 30-க்கும் மேற்பட்ட அமைப்புகளின் பிரதிநிதிகள் அதில் உட்கார்ந்தார்கள். மென்பொருள் நிறுவனங்களும் வெளியே நிற்கவில்லை. நீதித் துறைக்கு மென்பொருள் விற்கும் நிறுவனங்கள் நீதித் துறையின் அழைப்பை ஏற்று 2001-இல் ஐ.ஜே.ஐ.எஸ். என்ற லாப நோக்கற்ற அமைப்பைத் தொடங்கின. சந்தையில் ஒருவரையொருவர் முந்தப் பார்ப்பவர்கள் பொது வரையறைக்காக ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். அட்லாண்டாவின் ஜார்ஜியா டெக் ஆய்வு நிறுவனம் தொழில்நுட்ப வேலையை ஏற்றது.

அவர்கள் கையில் எடுத்த கருவி எக்ஸ்எம்எல். 1998-இல் தரமாக அறிவிக்கப்பட்ட அந்த முறை, தகவல் ஒவ்வொன்றின் மேலும் அது என்ன என்று எழுதிய சீட்டை ஒட்டும். மளிகைக் கடையில் டப்பாவின் மேல் 'துவரம் பருப்பு' என்று எழுதி ஒட்டுவது போல. ஆனால் ஒரு கடையில் 'துவரம் பருப்பு', அடுத்த கடையில் 'து.ப.', மூன்றாவது கடையில் வெறும் 'பருப்பு' என்று எழுதியிருந்தால் சரக்கை மாற்றிக்கொள்வது எப்படி? சீட்டு ஒட்டும் முறை கிடைத்துவிட்டது. சீட்டில் எந்தச் சொல்லை எழுதுவது என்பதுதான் பெரிய வேலையாக மிஞ்சியது.

ஏறத்தாழ 35 இடங்களிலிருந்து தரவு அகராதிகளைக் கொண்டுவந்து கொட்டினார்கள். மொத்தம் சுமார் 16,000 தகவல் கூறுகள். இது அதுவா, அது இதுவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சலித்தபோது, உண்மையில் வேறுபட்டவை சுமார் 2,000-தான் என்று தெரிந்தது. எட்டுச் சொல்லுக்கு ஒரு பொருள். மீதி ஏழும் ஒரே விஷயத்துக்கு ஏழு அலுவலகங்கள் வைத்த பெயர்கள்.

அந்தச் சலித்தலைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். பிறந்த தேதி 03/04/1975. அமெரிக்கப் போலீஸ்காரருக்கு அது மார்ச் 4. ஐரோப்பாவிலிருந்து வரும் பயணி அதே எண்களை எழுதினால் ஏப்ரல் 3. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 1975-03-04 என்றே எழுத வேண்டும் என்று வைத்தவுடன் குழப்பம் தீர்ந்தது. கூந்தல் நிறத்துக்கும் கண் நிறத்துக்கும் புதிய பட்டியல் போடவில்லை. 1967-இல் எஃப்.பி.ஐ. தொடங்கிய தேசியக் குற்றத் தகவல் மையத்தின் மூன்றெழுத்துக் குறிகள் எல்லாப் போலீஸாருக்கும் பழக்கமாகியிருந்தன. அவற்றையே எடுத்துக்கொண்டார்கள். இருக்கிற நல்லதை மாற்றக் கூடாது என்பதும் தரம் வகுப்பவர்களின் தர்மம்.

இதைவிடச் சிக்கலானது ஆள். போலீஸ் பதிவேட்டில் அவர் சந்தேக நபர். நீதிமன்றத்தில் பிரதிவாதி. சிறையில் கைதி. வெளியே வந்தால் நன்னடத்தைக் கண்காணிப்பில் இருப்பவர். நான்கு கணினிகளில் நான்கு ஆட்களாக இருப்பவர் உண்மையில் ஒருவர்தான். ஆள் ஒன்று, வேடம் பல. ஆளைத் தனியாகவும் அவர் ஏற்ற வேடத்தைத் தனியாகவும் எழுதும் முறைக்கு வந்து சேர இரண்டு தலைமுறைப் பதிப்புகள் தேவைப்பட்டன.

பெயர் என்ற சின்னக் கூறும் அவர்களை விடவில்லை. முதற்பெயர், நடுப்பெயர், குடும்பப்பெயர் என்று மூன்று கட்டம் வைத்தால் அமெரிக்கர் பெரும்பாலோருக்குப் பொருந்தும். அப்பா பெயரை இனிஷியலாகப் போட்டுக்கொண்டு விமானம் ஏறிய தமிழருக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பது அங்கே படிவம் நிரப்பிய ஒவ்வொருவருக்கும் தெரியும். இந்தக் கட்டங்களோடு, பெயரை உடைக்காமல் முழுதாக எழுத இன்னொரு கூறையும் வைத்தார்கள். ஒரு கட்டத்தைக் கூடுதலாக வைப்பதில் இவ்வளவு மரியாதை இருக்க முடியும் என்பதை நான் இதைப் படித்தபோதுதான் உணர்ந்தேன்.

2004 ஜனவரியில் அந்த நீதித்துறைச் சொற்தொகுதியின் மூன்றாம் பதிப்பு அதிகாரபூர்வமாக வெளியானது.

நடு முற்றமும் அறைகளும்

இதற்கிடையே 2003-இல் 22 அமைப்புகளை ஒன்றாக்கி உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை பிறந்திருந்தது. சுங்கம், குடியேற்றம், கடலோரக் காவல், பேரிடர் மேலாண்மை என்று ஒவ்வொன்றும் தன் சொந்த அகராதியோடு வந்து சேர்ந்தது. நீதித் துறை செய்து வைத்திருந்ததைத் தூக்கி எறிந்துவிட்டு அவர்கள் புதிதாகத் தொடங்கியிருக்கலாம். அரசு அலுவலகங்களில் அதுதான் வழக்கம். அப்படி நடக்காமல் போனதுதான் இந்த வரலாற்றின் நல்ல திருப்பம்.

2005 பிப்ரவரி 28 அன்று இரு துறைகளின் தகவல் தொழில்நுட்பத் தலைவர்களும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். நீதித்துறைச் சொற்தொகுதியை அடித்தளமாக வைத்து தேசியத் தகவல் பரிமாற்ற மாதிரி உருவாகும் என்றார்கள். அதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'நீம்' என்று அழைக்கிறார்கள். முதல் பதிப்பு 2006-இலும் இரண்டாவது 2007-இலும் வந்தன.

நீம் அமைப்பு நம் பழைய கூட்டுக்குடும்ப வீட்டைப் போன்றது. நடு முற்றம் எல்லோருக்கும் பொது. ஆள், இடம், பொருள், நிகழ்வு, தேதி போன்ற எல்லோருக்கும் தேவையான சொற்கள் அங்கே இருக்கும். சுற்றிலும் அறைகள்: நீதி, குடியேற்றம், அவசரநிலை, உளவு, பன்னாட்டு வணிகம். அறைக்குள் இருப்பதை அந்தந்தத் துறையே பார்த்துக்கொள்ளும். முற்றத்தில் ஒரு தூணை நகர்த்த வேண்டுமென்றால் எல்லா அறைக்காரர்களும் கூடிப் பேசி ஒப்ப வேண்டும்.

இன்னொரு முடிவும் முக்கியமானது. யாரும் தங்கள் கணினியை மாற்ற வேண்டாம். உள்ளே எந்தப் பெயரில் வேண்டுமானாலும் சேமியுங்கள். வாசலைத் தாண்டி வெளியே போகும்போது மட்டும் பொதுச்சொல்லில் போகட்டும். எதை, யாருக்கு, எந்த வடிவில் அனுப்புகிறோம் என்பதை ஒரு தொகுப்பாக எழுதி வைத்துவிட்டால் அடுத்த ஊர்க்காரர் அதையே எடுத்துப் பயன்படுத்தலாம்.

இந்த முடிவின் அருமையை உணர, அதே காலத்தில் நடந்த ஒரு தோல்வியைப் பார்க்க வேண்டும். 2003-இல் புளோரிடாவை மையமாக வைத்து 'மேட்ரிக்ஸ்' என்ற திட்டம் தொடங்கியது. மாநிலங்களின் குற்றப் பதிவுகள், ஓட்டுநர் உரிமங்கள், தனியார் நிறுவனம் திரட்டிய தகவல்கள் எல்லாவற்றையும் ஒன்றாகத் தேடலாம் என்றார்கள். 13 மாநிலங்கள் ஆர்வம் காட்டின. குடிமக்களின் அந்தரங்கம் என்னாகும், செலவு யார் பொறுப்பு என்ற கேள்விகள் எழுந்தன. மாநிலங்கள் ஒவ்வொன்றாக விலகின. 2005 ஏப்ரலில் மத்திய அரசின் பணம் நின்றதோடு திட்டமும் மூடப்பட்டது. எல்லோர் வீட்டு நெல்லையும் ஒரே குதிரில் கொட்டச் சொன்னது மேட்ரிக்ஸ். நெல் அவரவர் குதிரிலேயே இருக்கட்டும், அளக்கும் மரக்காலை மட்டும் ஒன்றாக வைத்துக்கொள்வோம் என்றது நீம். மரக்கால்தான் நிலைத்தது.

நல்ல எண்ணம் மட்டும் அதை நிலைநிறுத்தவில்லை. பணமும் நிறுத்தியது. நீதித் துறையும் பின்னர் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையும் மாநிலங்களுக்குத் தரும் தொழில்நுட்ப மானியங்களில் ஒரு நிபந்தனை சேர்த்தன: தகவல் பரிமாறும் மென்பொருள் வாங்கினால் அது இந்தப் பொதுச் சொற்களைப் பேச வேண்டும். சின்ன ஊர் ஷெரீஃப் மானியப் பணத்தில் மென்பொருள் வாங்கப் போனபோது விற்பவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியதாயிற்று. நிறுவனங்களும் சரக்கை அதற்கேற்ப மாற்றின. எந்த மென்பொருளை வாங்குவது என்று உள்ளூர்ப் போலீஸைக் கட்டாயப்படுத்த மத்திய அரசுக்கு அதிகாரம் இல்லாத நாட்டில் இந்த ஒரு வரி நிபந்தனை பெரிய வேலை செய்தது.

பிறகு பாதை அகலமானது. சந்தேகச் செயல் அறிக்கைகளுக்கான தேசியப் படிவம் நீம் சொற்களில் எழுதப்பட்டது. வலி நிவாரணி மாத்திரைகளுக்காக மாநிலம் மாநிலமாக மருந்துக்கடை ஏறுபவர்களை அடையாளம் காண, மாநிலங்களின் மருந்துச்சீட்டுக் கண்காணிப்புத் திட்டங்கள் இதே அச்சில் தகவல் பரிமாறத் தொடங்கின. 2010-இல் சுகாதாரத் துறை மூன்றாவது பொறுப்பாளராகச் சேர்ந்தது. 2013-இல் பாதுகாப்புத் துறை, தகவல் பரிமாற்றம் என்றால் முதலில் நீமைப் பாருங்கள் என்று தன் படைப்பிரிவுகளுக்குச் சொன்னது. 2022-இல் அரசு தன் குழந்தையை அரசுக்கு வெளியே அனுப்பியது. நிறுவனங்களும் அரசுகளும் சமமாக உட்காரும் ஓயாசிஸ் என்ற தர அமைப்பின் கீழ் அது திறந்த திட்டமானது.

தரம் காப்பாற்றுமா?

நீம் 2002-இலேயே இருந்திருந்தால் அந்த நான்கு உயிர்களும் பிழைத்திருக்குமா? அப்படிச் சொல்ல எனக்குத் துணிவில்லை. பொதுச்சொல் இருந்தாலும் அலபாமாவின் கணினியை எஃப்.பி.ஐ.யோடு இணைக்க ஒருவர் முடிவெடுக்க வேண்டும். பத்து ஊர்க் கேள்விகளைக் கூட்டிப் பார்க்க ஒருவர் உட்கார வேண்டும். அந்த மனம் இல்லாத இடத்தில் எந்த அகராதியும் உதவாது. ஆனால் மனம் இருந்தும் மரை ஏறாமல் கைபிசைந்து நிற்கும் கொடுமை இனி வேண்டாம் என்றுதான் 16,000 சொற்களைச் சலித்தவர்கள் அத்தனை கூட்டங்களில் உட்கார்ந்தார்கள். அவர்கள் பெயர் எந்தச் செய்தித்தாளின் முதல் பக்கத்திலும் வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

தரம் எழுதுவதோடு வேலை முடிவதில்லை என்பதற்கும் பால்டிமோரே சாட்சி. அந்தத் தீ நடந்து நூறாண்டு நிறைந்த 2004-இல், பழைய தர நிர்ணயப் பணியகத்தின் வாரிசான தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் அமெரிக்காவின் 48 பெரிய நகரங்களை எடுத்துப் பார்த்தது. 1905-இல் வகுத்த பொது மரை கொண்ட தெருக்குழாய்கள் இருந்த நகரங்கள் 18.

(தொடரும்)